கடினமான சுடோகுவில் ஆளைக் கவிழ்க்கும் தவறுகள்

ஒரே வரிசையில் இரண்டு 5 எழுதுவதைப் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை, அது யாருக்கும் தானாகவே கண்ணில் பட்டுவிடும். நடுத்தரப் புதிர்களைச் சுலபமாக முடித்துவிட்டு ‘மிகக் கடினம்’ பக்கத்துக்குத் தாவுகிறவர்கள், ஒரு காலத்தில் நான் விழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுவதைப் பார்க்கிறேன். அதற்காகத்தான் இது.

கொடுத்த எண்களை எண்ணிப் பார்த்துப் பயப்படுவது

ஆரம்பத்திலேயே அச்சிட்டுக் கொடுத்த எண்கள் குறைந்தால் புதிர் கடினம் என்று நினைக்கிறார்கள். ஒரே விடை வர வேண்டுமென்றால் குறைந்தது 17 எண்கள் வேண்டும் என்று அயர்லாந்தின் டப்ளினில் கணிதக்காரர் கேரி மெக்கைர் குழு 2012இல் கணினி வைத்துக் காட்டியது. ஆனால் 17 எண் புதிர்களில் பல, எளிய உத்திகளிலேயே முடிந்துவிடும். அதே 2012இல் பின்லாந்துக் கணிதக்காரர் ஆர்டோ இன்கலா வெளியிட்ட பேர்போன புதிரில் 21 எண்கள் இருந்தன, உட்கார்ந்து பாருங்கள், அது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

அரைகுறைக் குறிப்பை நம்பி எண்ணை அழிப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு கட்டத்தில் வரக்கூடிய எண்களைச் சின்னதாக எழுதிவைக்கும் பென்சில் குறிப்பைப் பாதிக் கட்டங்களில் எழுதுவார்கள், மீதியை “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று விட்டுவிடுவார்கள், அந்த நிலையிலேயே எக்ஸ்-விங் என்ற உத்திக்கு இடம் தேடக் கிளம்பிவிடுவார்கள். எக்ஸ்-விங் எதை நம்பி நிற்கிறது? இரண்டு வரிசைகளிலும் ஒரு எண் அதே இரண்டு நெடுவரிசைகளில் மட்டுமே வர முடியும் என்பதை. அப்படியானால் அந்த நெடுவரிசைகளின் மற்றக் கட்டங்களில் அந்த எண்ணை அழித்துவிடலாம். அந்த ‘மட்டுமே’ போய்விட்டால் உத்தியே இல்லை.

பக்கத்து வீட்டுப் பையன் ஒரு தாளை நீட்டி, “அண்ணா, இந்தப் புதிரே தப்பு” என்றான். இரண்டாம் வரிசையில் 7 வர 3ஆம், 8ஆம் நெடுவரிசைகள்தான் இடம், அது சரி. ஆறாம் வரிசையிலும் அதே இரண்டு இடங்களில்தான் 7 குறித்திருந்தான். உடனே அந்த நெடுவரிசைகளில் மற்ற 7களையெல்லாம் அழித்துவிட்டான். ஆனால் ஆறாம் வரிசையில் ஐந்தாவது கட்டம் குறிப்பே இல்லாமல் வெறுமையாகக் கிடந்தது, அங்கேயும் 7 வரலாம், கடைசியில் வந்ததும் அங்கேதான்! ஒன்பதாம் வரிசையின் எட்டாவது கட்டத்தில் அவன் அழித்த 7தான் அந்தக் கட்டத்தின் விடை.

இதில் கொடுமை என்னவென்றால், தப்பு உடனே காட்டிக்கொடுக்காது. அழித்த பிறகு புதிர் சட்டென்று இளகி, எண்கள் மளமளவென்று விழும், நமக்கும் உற்சாகம் வந்துவிடும். கடைசி மூலையில் போய் முட்டும்போது, எங்கே பிசகியது என்று தேட வழியே இருக்காது. அப்போதும் முட்டிய இடத்தில் ஒரு எண்ணை மாற்றி ஒட்டுப்போடப் பார்ப்பார்கள். வேண்டாம், கொடுத்த எண்களை மட்டும் விட்டுவிட்டு முழுசாக அழியுங்கள்.

ஆக, ஒரு எண்ணை அழிக்கும் முன் அது சம்பந்தப்பட்ட வரிசை முழுவதும் குறிப்பு இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். எல்லாக் கட்டங்களையும் நிரப்பச் சோம்பலாக இருந்தால், அந்த ஒரு எண்ணை மட்டுமாவது ஒன்பது 3×3 பெட்டிகளிலும் குறித்துவிட்டு அப்புறம் எக்ஸ்-விங் தேடுங்கள்.

பேனா

வேண்டாம்.

கண்ட இடத்தில் ஊகிப்பது

இன்கலா புதிர் மாதிரியானவற்றில் ஒன்றை வைத்துப் பார்த்துத்தான் ஆக வேண்டிய நிலை பலருக்கும் வரும், அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு எண்கள் வரக்கூடிய கட்டத்தில் ஆரம்பிக்காதீர்கள். இரண்டே எண்கள் உள்ள கட்டமாக எடுத்து, அதிலிருந்து வருவதையெல்லாம் வேறு நிறத்தில் எழுதுங்கள். முரண்பட்டால் அந்த நிறத்தை மட்டும் அழித்தால் போதும், மற்ற எண்தான் விடை என்பதும் உறுதியாகிவிடும்.

‘ஒரே விடைதானே’ என்று நம்புவது

இரண்டு வரிசை, இரண்டு நெடுவரிசை, இரண்டே பெட்டிகளுக்குள் அமைந்த நான்கு கட்டங்களிலும் அதே ஜோடி எண்கள் மட்டும் மிஞ்சினால் அவற்றை இடம் மாற்றிப் போட்டாலும் பொருந்தி இரண்டு விடை வந்துவிடும், சரியான புதிருக்கு ஒரே விடைதான், அதனால் அப்படி மிஞ்சாது என்று வாதிடும் உத்தி ஒன்று உண்டு. நல்ல உத்தி. ஆனால் யாரோ கையால் பிரதியெடுத்து அனுப்பிய புதிரில் ஒரு எண் விட்டுப்போயிருந்தால் ஒரே விடை என்ற உத்தரவாதமே போய்விடும், அப்படிப்பட்ட தாளில் இதைத் தொடாதீர்கள்.