இ1, டி1, எஸ்டிஎம்-1: வேகக் கணக்கில் என்னைக் கவிழ்த்த 2048

இ1 இணைப்பு (தொலைபேசி நிறுவனங்கள் தரும் ஒரு வகை டிஜிட்டல் லைன்) ஒன்றின் வழியாகத் தினமும் இரவில் 700 எம்பி பேக்கப் போக வேண்டும், 50 நிமிடத்தில் முடியாவிட்டால் ஸ்கிரிப்ட் தானாகவே நிறுத்திவிடும். என் கணக்குப்படி 46 நிமிடம் 40 நொடி போதும். ஆனால் ஒவ்வொரு இரவும் 98 சதவீதம் வரை போய் அறுந்தது. கேபிளிலா ரவுட்டரிலா பழுது என்று இரண்டு நாள் தேடினேன், பழுது இருந்தது என் கணக்கில்தான். அதைச் சரிசெய்த வழி இதோ. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட் என்பது தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை.

முதலில் எந்த வேகத்தையும் 64 கிலோபிட் சேனல்களாக உடைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசிக் குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதுகிறார்கள், அதனால் நொடிக்கு 64,000 பிட். டிஎஸ்0 என்பது இதுதான், மற்றதெல்லாம் இதன் மேல் கட்டியவை. இ1-இல் இப்படி 32 சேனல், 32 × 64 = 2048 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்). வட அமெரிக்காவின் டி1-இல் 24 சேனல், அதாவது 1536. அதோடு ஃபிரேமுக்கு (எல்லாச் சேனலும் ஒரு முறை சுற்றி வரும் தொகுதி) ஒரு பிட், நொடிக்கு 8000 ஃபிரேம் என்பதால் இன்னொரு 8 கேபிபிஎஸ் சேர்ந்து 1544.

அடுத்தது நான் விழுந்த குழி, இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 2048 என்ற எண்ணைப் பார்த்தவுடன் கம்ப்யூட்டர் படித்த யாருக்கும் கை 1024-க்குத்தான் போகும். வகுத்தால் மீதியில்லாமல் 2 வருகிறது, எல்லோரும் அதை “2 எம்பி லைன்” (இங்கே எம்பி என்றால் மெகாபிட்) என்றுதான் சொல்கிறார்கள், அப்புறம் ஏன் சந்தேகம் வரப்போகிறது? 700 × 8 ÷ 2 = 2800 நொடி, அந்த 46 நிமிடம் 40 நொடி வந்தது இப்படித்தான். ஆனால் அந்த 2048 வந்தது 32-ஐ 64-ஆல் பெருக்கியதால், 1024-க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தொலைத்தொடர்பில் கிலோ என்றால் எப்போதும் 1000, மெகா என்றால் பத்து லட்சம். ஆகவே இ1 என்பது நொடிக்கு 20,48,000 பிட், அவ்வளவுதான். டி1-ஐ இதே போல 1024-ஆல் வகுத்தால் 1.5078 என்று அசிங்கமாக வரும், அப்போதே சந்தேகம் தட்டியிருக்கும். இ1 மட்டும் அழகாக வந்து ஏமாற்றுகிறது.

கோப்பின் அளவோ வேறு கதை. பல கருவிகள் எம்பி என்று காட்டினாலும் உள்ளே 1024 × 1024 பைட்தான், என்னுடையதும் அப்படித்தான். ஆக என் கோப்பு 700 × 10,48,576 × 8 = 587,20,25,600 பிட். இதை 20,48,000-ஆல் வகுத்தால் 47 நிமிடம் 47 நொடி. சரி, ஒரு நிமிடம் கூடிவிட்டது, இன்னும் 50-ஐத் தாண்டவில்லை.

மூன்றாவது, 32 சேனலும் நமக்குக் கிடைக்காது. முதல் டைம்ஸ்லாட்டை, அதாவது முதல் சேனலை, ஒத்திசைவுக்கே எடுத்துக்கொள்வார்கள், மீதி 31, அதாவது 1984 கேபிபிஎஸ். இப்போது 49 நிமிடம் 20 நொடி. குரல் இணைப்பாக இருந்தால் 16ஆம் ஸ்லாட்டும் சிக்னலுக்கு (அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும்) போய் 30 சேனல்தான் மிஞ்சும். அப்புறம் பாக்கெட் ஹெட்டர்கள் (ஒவ்வொரு தரவுத் துண்டோடும் ஒட்டிப் போகும் முகவரி விவரங்கள்): 1460 பைட் தரவுக்கு ஏறக்குறைய 1508 பைட் அனுப்ப வேண்டியிருந்தது. மொத்தம் சுமார் 51 நிமிடம். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே சில்லறைப் பிழைகள், சேர்ந்து ஸ்கிரிப்டைக் கொன்றுவிட்டன. வரம்பை 60 நிமிடமாக்கினேன், அன்றோடு தொல்லை தீர்ந்தது.

இதே கோப்பை டி1-இல் அனுப்பினால்? 1544-ஐ விட்டுவிட்டு 1536-ஆல் வகுத்து ஹெட்டரையும் சேருங்கள், 66 நிமிடம் வரும்.

கருவி என்று கேட்டால் எனக்கு ஸ்ப்ரெட்ஷீட்தான். சேனல் எண்ணிக்கை, பயன்படும் பிட், நேரம் என்று மூன்று பத்தி போதும். ஆன்லைன் கன்வெர்ட்டர்களை நான் கடைசியில் சரிபார்க்க மட்டுமே திறப்பேன். சிலவற்றில் டி1 இரண்டு இடத்தில் இருக்கும், ஒன்று 1.544, இன்னொன்று 1.344. இரண்டாவது 24 × 56. பழைய டி1 லைன்களில் சிக்னலுக்காக அவ்வப்போது ஒரு பிட்டைத் திருடுவார்கள், அதனால் தரவு அனுப்புகிறவர்கள் அந்த எட்டாவது பிட்டையே தொடாமல் 56-ஓடு நிறுத்திக்கொண்டார்கள். எது எதற்கென்று தெரியாமல் பட்டியலிலிருந்து எடுத்தால் வம்பு.

எஸ்டிஎம்-1 பற்றியும் ஒரு வார்த்தை. பல இ1, டி1 லைன்களை ஒன்றாக அடுக்கிக் கொண்டுபோகும் பெரிய லைன் அது. அதன் வேகம் 155.52 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்), வட அமெரிக்கப் பெயரான ஓசி-3 என்பதும் இதே வேகம்தான். 155.52-ஐ 2.048-ஆல் வகுத்து “75 இ1 போகும்” என்று சொல்லிவிடாதீர்கள். உள்ளே 3 × 7 × 3 என்று (மூன்று பெரிய குழு, ஒவ்வொன்றிலும் ஏழு சிறு குழு, ஒவ்வொன்றிலும் மூன்று இ1) அடுக்குவதால் 63தான் போகும். டி1 என்றால் 3 × 7 × 4, அதாவது 84. இங்கே வகுத்தலுக்கு வேலையே இல்லை, அடுக்கும் முறையைத்தான் பார்க்க வேண்டும்.

பின்சேர்க்கை: “என்னிடம் இ1 கிடையாது, 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்தான், ஆனால் காப்பி செய்யும்போது 11.3 எம்பிதான் காட்டுகிறது, 12.5 வர வேண்டாமா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். 1460 பைட் தரவுக்கு ஈதர்நெட் கம்பியில் 1538 பைட் நேரம் பிடிக்கும், ஆகவே 94.9 எம்பிபிஎஸ். 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 11.87 மில்லியன் பைட், அதைத் திரை 1024 கணக்கில் காட்டும்போது 11.3. உங்கள் லைன் நன்றாகவே ஓடுகிறது.

இன்னொரு பின்சேர்க்கை: எஸ்டிஎம்-64-ஐயும் 10 ஜிகாபிட் ஈதர்நெட்டையும் ஒன்றாகவே போட்டுவிடலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. எஸ்டிஎம்-64 என்பது எஸ்டிஎம்-1-ஐப் போல 64 மடங்கு, 9953.28 எம்பிபிஎஸ். முழு வேக 10 ஜிகாபிட் அதற்குள் நுழையாது என்பதால்தான் இந்த வேகத்துக்கே இறக்கிய WAN (தொலைதூர வலையமைப்பு) வகை ஈதர்நெட்டைத் தனியாக வைத்திருக்கிறார்கள்.