கடலோரத்தில் புற்றுநோய் கூடுதலா? பதிவேட்டை வைத்துக் கணக்கிடும் முறை

“எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு கேன்சர்” என்று கடலூர் சிப்காட்டை ஒட்டிய கிராமத்தில் ஒருவர் சொன்னால் அதைத் தட்டிக்கழிப்பது தவறு. அப்படியே அறிக்கையில் எழுதிவிடுவதும் தவறு. கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பொதுச் சுகாதாரம் படிப்பவர்களுக்கும் மீனவர், தொழிற்பேட்டைத் தொழிலாளர் நடுவே வேலை செய்பவர்களுக்கும் அந்தக் கணக்கு கைவர வேண்டும்.

முதலில் எந்தப் புற்றுநோய்ப் பதிவேடு என்று பாருங்கள். மருத்துவமனைப் பதிவேடு, அந்த மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணுகிறது. புதுச்சேரியில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குப் புதுச்சேரியிலிருந்து மட்டுமல்ல, கடலூர், விழுப்புரத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அங்கே வந்தவர்களில் நூற்றுக்கு இத்தனை பேர் மீனவர் என்பதை வைத்து மீனவரிடையே நோய் எவ்வளவு என்று சொல்ல முடியாது. யார் எந்த மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்பதுதான் அந்த எண்ணில் தெரியும். விகிதம் வேண்டுமென்றால் மக்கள்தொகைப் பதிவேடு வேண்டும். ஓர் எல்லைக்குள் குடியிருப்பவர்கள் எங்கே சிகிச்சை பெற்றாலும் அவர்களைத் தேடிப் பதிவது அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981-இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1982 முதல் சென்னைக்கு அப்படியொரு பதிவேடு இருக்கிறது. அடையாறு புற்றுநோய் நிறுவனம் ஒருங்கிணைக்கும் தமிழ்நாடு பதிவேட்டுத் திட்டம் 2012 முதல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. தனிநபர் விவரம் உள்ள பதிவுகள் கேட்டவுடன் கிடைக்காது. ஆய்வுத் திட்டம், நெறிமுறைக் குழு ஒப்புதல், பெயர் நீக்கிய கோப்பு என்ற வரிசையில்தான் போக வேண்டும்.

தரவைக் கையில் வாங்குவதற்கு முன்பே மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள்: எந்தப் புற்று, எந்த ஆண்டுகள், யார் அந்தக் குழு. புற்று என்றால் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் (ஐசிடி-10) குறியீட்டோடு எழுதுங்கள். கருப்பை வாய் என்றால் சி53. வாய் என்றால் சி03 முதல் சி06 வரை. நாக்கைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். நோயாளிகள் இருக்கும் தெருக்களைப் பார்த்த பிறகு அவற்றைச் சுற்றிக் கோடு போட்டால் எந்த ஊரிலும் எண்ணிக்கை கூடித்தான் தெரியும். தொழிற்சாலை மாசைச் சந்தேகித்தால் காலத்தையும் யோசியுங்கள். பெரும்பாலான திடக்கட்டிகள் (இரத்தப் புற்று போலன்றி உறுப்புகளில் கட்டியாக வருபவை) வெளிப்பட, பாதிப்பு தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். போன வருடம் குடிவந்தவரைச் சேர்த்தால் கணக்கு நீர்த்துப்போகும்.

இனி முகவரி. கடலூர்–புதுச்சேரிப் பகுதியில் அதிகம் சறுக்குவது இங்கேதான். புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. தமிழ்நாட்டு ஊர்களும் புதுச்சேரி ஊர்களும் மாறி மாறி வருகின்றன. பின்கோடை வைத்துப் பிரித்தால் தப்பாகிவிடும். பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது, அதன் பின்கோடு கடலூர்ப் பக்கத்து 607-இல் தொடங்கும். வானூர் வட்டம் விழுப்புரம் மாவட்டம், அங்கே 605. ஆகவே ஊர்ப்பெயர், கொம்யூன் (புதுச்சேரியின் உள்ளாட்சிப் பிரிவு) அல்லது வட்டம் என்று ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். சிகிச்சைக்காகப் புதுச்சேரி உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்தவர்களும் இருப்பார்கள். முதலில் நோய் கண்டறிந்தபோது குறைந்தது ஓராண்டாக எல்லைக்குள் குடியிருந்தவர் மட்டுமே கணக்கில் வர வேண்டும். ‘தற்போதைய முகவரி’, ‘நிரந்தர முகவரி’ இரண்டும் வேறுபட்டால் அந்தப் பதிவைத் தனியே எடுத்து விசாரியுங்கள்.

அடுத்தது இரட்டைப் பதிவு. ஒரே அம்மா கடலூர் அரசு மருத்துவமனையிலும் புதுச்சேரியிலும் சென்னையிலும் சீட்டு போட்டிருப்பார். முருகன் என்ற பெயரின் முதல் பாதி கடலூர் ஆவணத்தில் ஆங்கில எழுத்தில் எம்-யு-ஆர்-யு என்று இருக்கும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழக்கப்படி எம்-ஓ-யு-ஆர்-ஓ-யு. கணினி இவர்களை இரண்டு ஆளாகத்தான் எண்ணும். முதலெழுத்து (இனிஷியல்) முன்னே ஓரிடத்தில், பின்னே ஓரிடத்தில். ஒரு சீட்டில் அப்பா பெயர், இன்னொன்றில் கணவர் பெயர். ‘ஓ-யு’ வரும் இடத்தையெல்லாம் ‘யு’ ஆக்கி, முதலெழுத்தைத் தனிக் கட்டத்துக்கு மாற்றிய பிறகு பெயர், பால், வயது (இரண்டு வருட வித்தியாசம் வரை), ஊர், புற்று வந்த இடம் ஆகியவற்றைச் சேர்த்து ஒப்பிடுங்கள். புற்றுநோய்ப் பதிவேடுகளுக்கான கேன்ரெக் 5 மென்பொருள் சந்தேக ஜோடிகளைக் காட்டும். முடிவு மனிதக் கண்ணால்தான். மீண்டும் தலைதூக்கிய பழைய நோய் புதிய நோயாளிக் கணக்கில் சேராது.

பதிவின் தரத்தையும் பாருங்கள். திசுப் பரிசோதனையால் உறுதியானவை எத்தனை விழுக்காடு, இறப்புச் சான்றால் மட்டுமே தெரியவந்தவை எத்தனை, புற்று முதலில் தோன்றிய உறுப்பு தெரியாதவை எத்தனை என்று உங்கள் குழுவுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனியே எடுங்கள். வீட்டில் இறந்தவர்களுக்கு ‘முதுமை’, ‘நெஞ்சுவலி’ என்று எழுதிவிடும் ஊர்களில் நோய் குறைவாகத் தெரிவது எண்ணாமல் விட்டதால் இருக்கலாம்.

இப்போது வகுக்கும் எண், அதாவது நோயாளி எண்ணிக்கைக்குக் கீழே வரும் மக்கள்தொகை. மேலே எண்ணப்படுபவரும் கீழே எண்ணப்படுபவரும் ஒரே கூட்டமாக இருக்க வேண்டும். இந்த முறை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. பட்டியல் சாதியினருக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டவாரியாக ஐந்தைந்து வயதுப் பிரிவு அட்டவணை உண்டு, ஆனால் நோய்ப் பதிவில் சாதி எழுதப்படாமல் இருக்கலாம். மீனவருக்கு அந்தக் கணக்கெடுப்பு உதவாது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் எடுத்த மீன்வளக் கணக்கெடுப்பில் (2010, 2016) மீனவ மக்கள்தொகை கிடைக்கும். அதில் வயதுப் பிரிவு போதாது. மாவட்டக் கிராமப்புற வயது விகிதத்தைக் கடன் வாங்க வேண்டிவரும். அப்படிச் செய்ததை அறிக்கையில் சொல்லிவிடுங்கள். அங்கே ‘மீனவர்’ என்பது குடும்பம், நோய்ப் பதிவில் ‘மீனவர்’ என்பது தொழில். மீன் விற்கும் பெண் ‘இல்லத்தரசி’ என்றே பதிவாகியிருப்பார். தொழிலை விட்டு ஊரை வைத்துக் குழுவை வரையறுப்பதே நல்லது: தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு என்று குப்பங்களின் பட்டியல் மேலேயும் கீழேயும் ஒன்றாக இருக்கும். கடலூர் மாவட்டத்தில் 2011-இல் 26,05,914 பேர். அதன்பின் 2021 கணக்கெடுப்பு நடக்காததால் பின்னைய ஆண்டுகளுக்கு 2001, 2011 வளர்ச்சியை நீட்டித்து மதிப்பிட வேண்டும்.

பெரிய குழுவுக்கு வயது தரப்படுத்திய விகிதம் (வயது அமைப்பின் வேறுபாட்டைச் சமன்செய்த விகிதம்) போடலாம். சிறிய குழுவுக்கு எதிர்பார்ப்பு எண்ணோடு, அதாவது மாவட்ட விகிதமே இங்கும் இருந்தால் எத்தனை பேருக்கு நோய் வந்திருக்கும் என்ற எண்ணோடு, ஒப்பிடுவதே நிலையானது. கற்பனை எண்களில் ஒரு கணக்கு. சில குப்பங்களில் பெண்கள், கருப்பை வாய்ப் புற்று, ஐந்து ஆண்டுகள். ஒவ்வொரு வயதுப் பிரிவின் மக்கள்தொகையை 5 ஆல் பெருக்கினால் ஆள்-ஆண்டு வரும். 35–44 வயதில் 6,000 ஆள்-ஆண்டு, மாவட்ட விகிதம் லட்சத்துக்கு 10 என்றால் எதிர்பார்ப்பு 0.6. 45–54-இல் 5,000, விகிதம் 30: 1.5. 55–64-இல் 4,000, விகிதம் 50: 2.0. 65-க்கு மேல் 3,000, விகிதம் 45: 1.35. மொத்தம் 5.45. இந்த வயதுகளில் உண்மையில் கண்டது 9 பேர். 9-ஐ 5.45 ஆல் வகுத்தால் 1.65, அதாவது 65 விழுக்காடு கூடுதல். இங்கே நிறுத்திச் செய்தித்தாளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். 9 என்ற எண்ணுக்கு 95 விழுக்காடு நம்பக வரம்பு (தற்செயலான ஏற்ற இறக்கத்துக்கு இடம்விட்டுப் போடும் எல்லை) 4.12 முதல் 17.08 வரை. எக்செலில் கை-ஸ்கொயரின் வலப்பக்கத் தலைகீழ்ச் சார்பில் (CHISQ.INV.RT) கீழ் வரம்புக்கு நிகழ்தகவு 0.975, சுதந்திர அளவு 18. மேல் வரம்புக்கு 0.025, 20, விடைகளைப் பாதியாக்குங்கள். இரண்டையும் 5.45 ஆல் வகுத்தால் 0.76 முதல் 3.13 வரை. 1, அதாவது மாவட்டத்துக்குச் சமம் என்ற நிலை, இதற்குள்ளேயே இருக்கிறது. கூடுதல் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டும் ஊராருக்குத் தெரிய வேண்டிய செய்திதான்.

வரம்பு இப்படி அகன்றிருந்தால் இன்னும் ஐந்து ஆண்டுகளைச் சேருங்கள், அல்லது முன்கூட்டியே எழுதி வைத்த விதிப்படி பக்கத்துக் குப்பங்களை இணையுங்கள். எல்லாப் புற்றையும் ஒரே எண்ணாகக் கூட்டி வரம்பைக் குறுக்காதீர்கள். மார்பகமும் வாயும் வயிறும் வேறு வேறு காரணங்களால் வருபவை. வெளியிடும்போது அட்டவணையில் ஐந்து பேருக்குக் குறைவான கட்டங்களை எண்ணாகக் காட்டாதீர்கள். இருநூறு வீடுள்ள குப்பத்தில் ‘இரண்டு பெண்கள், 45–54 வயது’ என்று அச்சிட்டால் அது யார் என்று மறுநாளே தெரிந்துவிடும். கூட்டுத்தொகையைக் கழித்து மறைத்த எண்ணைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்றும் அச்சுக்கு அனுப்பும் முன் ஒருமுறை பாருங்கள்.