பெரிய இடத்துப் பெயர் வந்தால் கேஸ் கட்டில் என்ன இருக்க வேண்டும்

இடுக்கி மலையில் பூப்பாறையிலிருந்து போடிமெட்டு வரைக்கும் எந்த பங்களாவுக்கு ராத்திரி எந்த ஜீப் ஏறுகிறது என்று ஏலக்காய் எடுக்கப் போகிற எல்லாருக்கும் தெரியும். கோர்ட்டுக்கு அது தெரியாது. தேவிகுளத்துக்கும் தொடுபுழைக்கும் கேஸ் கட்டுத் தூக்கியே தலை நரைத்த வக்கீல் குமாஸ்தா நான். ஒரு பெண்பிள்ளையோ அவள் அம்மாவோ, பிள்ளையைக் கடத்திப்போய்ப் பாலியல் கொடுமை செய்தார்கள் என்ற புகாரோடு வந்து, "அந்தப் பெரிய ஆளும் இதில் உண்டு" என்று சொன்னால் என்ன செய்யணும் என்பதை வார்டு மெம்பருக்கும் டீச்சருக்கும் குடும்பஸ்ரீ மகளிர் குழு அக்காமாருக்குமாக எழுதுகிறேன்.

அவர் அங்கே வந்தார் என்று காட்டினால் மட்டும் வழக்கு நிற்காது. புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு ஆள் கடத்தலைப் பற்றியது: சுரண்டுவதற்காக ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, வைத்திருப்பது, கைமாற்றுவது, ஏற்றுக்கொள்வது. 144ஆம் பிரிவு, கடத்தி வரப்பட்டவர் என்று அறிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ பாலியல் சுரண்டலில் ஈடுபடுத்துகிறவருக்கு. 2024 ஜூலை 1க்கு முந்தைய சம்பவம் என்றால் பழைய ஐ.பி.சி. 370, 370ஏ. பெரிய ஆள் தன் பெயரில் ரூம் போடுவதில்லை, தன் கையால் பணம் கொடுப்பதில்லை. மேனேஜர் ரூம் போடுவார், டிரைவர் கூட்டி வருவார், வாட்ச்மேன் கதவு திறப்பார். கடைசியில் "எனக்கு என்ன தெரியும், வேலைக்கு வந்த பெண் என்றார்கள்" என்று ஒரே வரியில் கழன்றுகொள்வார். அந்த ஒரு வரியை உடைக்கத்தான் இத்தனை பாடும்.

அமெரிக்காவில், சிறுமிகளைப் பாலியல் சுரண்டலுக்குக் கடத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட பணக்காரர் எப்ஸ்டீன் வழக்கிலும் இதே கதைதான். அவருடைய விமானப் பயணக் குறிப்பில் எத்தனையோ பெயர். விமானத்தில் ஏறினார் என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. 2021 டிசம்பரில் அவருடைய கூட்டாளி கிலேன் மேக்ஸ்வெல் குற்றவாளி என்று தீர்ப்பு வந்ததற்குப் பின்னால், நான்கு பெண்கள் கோர்ட்டில் ஏறி அவர் தங்களிடம் என்ன பேசினார், என்ன செய்தார் என்று சொன்னது இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். முதல் காகிதம் வயதுச் சான்று. பதினெட்டு ஆகவில்லை என்றால் வழக்கே வேறு. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 29, 30ஆம் பிரிவுகளின்படி, குற்றம் செய்யும் எண்ணம் இருந்தது என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதை அவர்தான் நிரூபிக்கணும். லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) பிள்ளைகளில் பலர் பிறந்தது ஒரு மாநிலம், படித்தது போடிப் பக்கம். பள்ளிக்கூடச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பஞ்சாயத்துப் பிறப்புச் சான்று, எது கிடைத்தாலும் உடனே வாங்குங்கள். எலும்புப் பரிசோதனை இவை எதுவும் இல்லாதபோதுதான்.

அப்புறம் அவள் வாக்குமூலம். நீங்கள் எந்தப் பெயரையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். பெயர் தெரியாவிட்டால் போகட்டும். மற்றவர்கள் அவரை என்னவென்று கூப்பிட்டார்கள், எந்தக் கையில் வாட்ச், அறையில் ஜன்னல் எந்தப் பக்கம், இவை அவள் வாயாலேயே வரட்டும். "இவரா பாரு" என்று போனில் படம் காட்டவே கூடாது. எங்கள் ஆபீஸுக்கு வந்த ஒரு கேஸில், பக்கத்து வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில் ஃபேஸ்புக் படத்தைக் காட்டியிருந்தார். போலீஸ் நடத்திய அடையாள அணிவகுப்பை எதிர்த்தரப்பு வக்கீல் பத்தே நிமிடத்தில் ஊதித் தள்ளிவிட்டார். போலீஸ் மலையாளத்தில் எழுதுவார்கள். பிள்ளைக்குத் தமிழ்தான் வரும் என்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், போக்சோ 19ஆம் பிரிவு அதைத் தருகிறது. தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து.

ஏன் ஓடவில்லை, ஏன் கத்தவில்லை என்ற கேள்வி கட்டாயம் வரும். நம்ம சூரியநெல்லி வழக்கையே பாருங்கள். 1996இல் பதினாறு வயதுப் பெண்ணை நாற்பது நாள் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 2000இல் தனி நீதிமன்றம் 35 பேரைத் தண்டித்தது. 2005இல் கேரள உயர்நீதிமன்றம், தப்பிக்க வாய்ப்பு இருந்ததே என்ற போக்கில், ஒருவரைத் தவிர எல்லாரையும் விட்டது. 2013இல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சொன்னது. 2014இல் 24 பேரின் தண்டனை உறுதியானது. அந்தப் பெண் அடையாளம் காட்டிய ஓர் அரசியல் தலைவரோ விசாரணைக்கே போகாமல் விடுவிக்கப்பட்டார், 2007இல் சுப்ரீம் கோர்ட்டும் அதில் தலையிடவில்லை. ஆகவே எப்படி மிரட்டினார்கள், என்ன குடிக்கக் கொடுத்தார்கள், போன் யார் கையில் இருந்தது என்பதெல்லாம் முதல் வாக்குமூலத்திலேயே இருக்கணும்.

சீக்கிரம் அழிகிற சாட்சியங்களுக்கு மனு போடுவது அடுத்தது. ஹோம்ஸ்டே கேமராவில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். லாட்ஜ் ரிஜிஸ்டர், செக்போஸ்ட் கேமரா, டிரைவருக்கு வந்த ஜிபே பணம், போன் கால் விவரம் இவற்றைக் கைப்பற்றும்படி விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். ஒரு நகல் எஸ்.பி.க்கு ரிஜிஸ்டர் தபாலில். நீங்களே போய் யார் போனையும் பிடுங்காதீர்கள். மின்னணுப் பதிவுக்குப் புதிய சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேணும், அது இல்லாவிட்டால் பென்டிரைவ் வெறும் பிளாஸ்டிக்தான். டிரைவருக்குப் பணம் போட்டது மேனேஜர், அடுத்த நிமிடம் மேனேஜர் கூப்பிட்டது யாரை? மேலே ஏறுகிற வழி அங்கேதான் இருக்கிறது. டிரைவர் அப்ரூவராக (குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசுத் தரப்புச் சாட்சியாக) வந்தாலும், அவர் சொல்லுக்குத் துணையாக இந்தக் காகிதங்கள் இருந்தால்தான் கோர்ட் நம்பும்.

ஸ்டேஷனில் புகாரை வாங்க மாட்டேன் என்றால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4)இன்படி எஸ்.பி.க்கு. அதிலும் அசையாவிட்டால் அபிடவிட்டோடு 175(3)இல் மாஜிஸ்திரேட்டுக்கு. ஆள் கடத்தல் புகாரைப் பதிவு செய்யாத போலீஸ்காரருக்கு நியாய சன்ஹிதா 199ஆம் பிரிவில் சிறை உண்டு. 143இல் சிக்குகிற அரசு ஊழியர் மேல் வழக்கு நடத்த அரசின் முன் அனுமதியும் வேண்டாம். இதைப் பல ஸ்டேஷனில் நாமே ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் கட்டு கலைகிற இடம் லயத்து வீடு. வேலை போனால் வீடும் போகும், அம்மாவுக்குத் தெரியும். தோட்டத்தில் வேலை வாங்குகிற கங்காணி சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்து, "எதுக்கும்மா வம்பு" என்பார். வேறு எதுவும் சொல்ல மாட்டார். கோர்ட்டின் அடுத்த வாய்தாவில் சாட்சி பிறழும். அதற்கு முன்னாலேயே பி.என்.எஸ்.எஸ். 183ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் ஆகிவிடணும். சுப்ரீம் கோர்ட் 2018இல் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனு கொடுக்கலாம். இடுக்கிக்கு அது தொடுபுழை. கங்காணி வந்த தேதி, நேரம், கூட வந்தவர் பெயர் எல்லாம் அந்த மனுவில் எழுதிவிடுங்கள்.