‘இன்று’ என்று எழுதாதீர்கள்

ஆடிப்பெருக்கு நெருங்கிவிட்டால் தருமபுரியில் இணையச் செய்தி ஆசிரியருக்குப் பாதி வேலை ஒகேனக்கல்தான். “பரிசல் இயக்க இன்று தடை” என்று தலைப்பிடுவோம். அச்சு நாளிதழின் ‘இன்று’ மறுநாள் பொட்டலம் மடிக்கப் போய்விடும். இணையத்தின் ‘இன்று’ அங்கேயே கிடக்கும். மறு கோடையில், பாறை தெரிய ஆறு இளைத்திருக்கும்போது, பெங்களூரிலிருந்து கிளம்ப நினைக்கும் குடும்பம் தேடினால் அதே தடை முன்னால் வந்து நிற்கும். நானும் அப்படி எழுதியவன்தான். தொலைபேசியில் வசவு வாங்கிய பிறகே முதல் வரியில் தேதி போடப் பழகினேன். தடை நீங்கியதும் பழைய செய்தியின் தலையிலும் அதை ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்த வழுக்குப்பாறை, அளவு. “நீர்வரத்து 12,000 கனஅடி” என்று எழுதி ‘வினாடிக்கு’ என்பதை விட்டுவிடுகிறோம். வெறும் 12,000 கனஅடி என்பது சுமார் 3.4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 28 நடை அடித்தால் தீர்ந்தது! அதுவே வினாடிதோறும் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டி.எம்.சி., அதாவது 100 கோடி கனஅடியைத் தாண்டிவிடும். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இரண்டையும் குழப்பிய தலைப்புகளை வாரம் ஒன்றாவது திருத்துகிறேன். தமிழக எல்லையில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் அளந்த நீரை மேட்டூருக்கு வந்த நீராக எழுதுவதும் உண்டு.

தவறைச் சத்தமில்லாமல் திருத்துவது இன்னொரு கெட்ட பழக்கம். அதற்குள் அது வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றியிருக்கும். என்ன திருத்தினோம் என்று அடியில் எழுதினால் மானம் போய்விடாது.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைத் தண்டிக்கும் போக்சோ சட்ட வழக்குகளில் குழந்தையின் பெயரை நீக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். பள்ளி, தெரு, அப்பாவின் தொழில் எல்லாம் செய்தியில் இருக்கும். பென்னாகரம் பக்கத்துச் சிற்றூரில் அடையாளம் காண அதற்கு மேல் என்ன வேண்டும்? 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆவது பிரிவு குடும்பம், பள்ளி, அக்கம்பக்க விவரங்களையும் சேர்த்தே தடுக்கிறது.

கைதுச் செய்திக்குப் படத்தோடு மூன்று பத்தி ஒதுக்குகிறோம். அவர் விடுதலையானால் ஒரு வரி கிடையாது. வேலை கேட்டுப் போகும் இடமெல்லாம் நம் செய்தி அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். இதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்: கைதான தேதி, வழக்கு எண், நீதிமன்றம், தீர்ப்பு. கடைசிக் கட்டம் பாதிக்கு மேல் காலியாகத்தான் இருக்கிறது.