கப்பலில் உணவுப் பொருள்: கன்டெய்னர் கதவு மூடும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

தூத்துக்குடியிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஊறுகாய், முறுக்கு, அப்பளம், மசாலாப் பொடி என்று வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்குகிறவர்கள் கடலை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். புயல் வந்தால்? கன்டெய்னர் தண்ணீரில் விழுந்தால்? அதெல்லாம் அபூர்வம். சரக்கு துறைமுகத்திலேயே மடக்கப்பட்டால், அதற்கான தவறு பெரும்பாலும் நம் பேக்கிங் கூடத்திலோ லேபிள் அடித்த அச்சகத்திலோ எப்போதோ நடந்து முடிந்திருக்கும்.

உள்ளூர்க் கடையில் நன்றாக ஓடும் சரக்கை அப்படியே ஏற்றிவிடுவதுதான் அதில் பெரிய தவறு. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் இருக்கிறதே, அப்புறம் என்ன என்று நினைக்கிறார்கள். அந்த உரிமம் நம் ஊர்ச் சட்டத்துக்கு. இறக்குமதி செய்யும் நாட்டின் சட்டம் வேறு. கார்மோசின், பான்சியோ 4ஆர் என்ற இரண்டு சிவப்பு நிறங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் சில வகை உணவுகளில் அளவோடு போடலாம். அமெரிக்காவில் இரண்டுக்குமே அனுமதி கிடையாது. ஐரோப்பாவில் போடலாம், ஆனால் குழந்தைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை லேபிளில் அச்சிட வேண்டும். குருமா மசாலாவில் நாம் யோசிக்காமல் அரைத்துப் போடும் கசகசாவுக்கு சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தடை. போதைப்பொருள் சட்டத்தில் மாட்டும். நெய்யும் பாலும் சேர்ந்த இனிப்பு என்றால் ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் தனி விதிகள் வைத்திருக்கின்றன. வாங்குபவர் ‘அனுப்புங்கள், பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்னால் நம்பாதீர்கள். எந்த விதியின் கீழ் வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

எத்திலீன் ஆக்சைடு இன்னொரு கண்ணி. கிருமி நீக்கப் பயன்படும் வாயு இது. 2020-இல் இந்தியாவிலிருந்து போன எள்ளில் இதன் எச்சம் தெரிந்து ஐரோப்பா முழுக்கச் சரக்கு திரும்பப் பெறப்பட்டது. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் மசாலாப் பொடிகளுக்கு அதே கதி. நீங்கள் வாயு போடாமல் இருந்தாலும், மொத்த வியாபாரியிடம் வாங்கிய மிளகாயில் யாராவது போட்டிருக்கலாம். அதனால் பொடியை மட்டும் சோதித்தால் போதாது. வரும் மூலப்பொருளையும் லாட் வாரியாக ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கிருமி நீக்கம் தேவை என்றால் நீராவி முறை இருக்கிறது.

லேபிளில் ஒவ்வாமைப் பட்டியல் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் ஒன்பது, எள் அதில் 2023 ஜனவரி 1 முதல் சேர்ந்தது. ஐரோப்பாவில் பதினான்கு, கடுகும் அதில் அடக்கம். நம் ஊறுகாயில் கடுகு இல்லாத பாட்டிலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்! ஆக, அமெரிக்காவுக்கு அடித்த லேபிளை லண்டனுக்கும் ஒட்டுவது தவறு. தேதியை 05/06 என்று அடிக்காதீர்கள், ஒருவர் மே என்பார், இன்னொருவர் ஜூன் என்பார். மாதத்தை எழுத்தில் போடுங்கள்.

அமெரிக்கா என்றால் அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வில் தொழிற்கூடத்தைப் பதிவு செய்ய வேண்டும், அங்கே ஓர் ஏஜென்ட் வேண்டும். பலர் மறப்பது புதுப்பித்தலை: ஒவ்வொரு இரட்டைப்படை ஆண்டிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தவறவிட்டால் பதிவு காலாவதி. கப்பல் கரை சேர எட்டு மணி நேரத்துக்கு முன்பாவது முன்னறிவிப்பும் போயிருக்க வேண்டும். பூண்டு ஊறுகாய் மாதிரி, இயல்பாகப் புளிப்பில்லாத பொருளில் அமிலம் சேர்த்து பி.எச். அளவை 4.6-க்கு இறக்கும் பண்டங்களுக்குப் பெரும்பாலும் தயாரிப்பு முறையையே தனியாகத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். தொழிற்கூடத்தைப் பதிந்தாயிற்றே என்று இருந்துவிடுகிறார்கள்.

சரி, காகிதம் போதும். பெட்டிக்குள் வருவோம்.

சாதாரண கன்டெய்னரில் குளிரூட்டல் கிடையாது. யார்டில் வெயிலில் நிற்கும்போது கூரையோரம் 60 டிகிரிகூடத் தொடலாம். சூட்டில் அட்டைப்பெட்டியும், பெட்டிகளை அடுக்கும் தட்டான மரப் பேலட்டும் ஈரத்தை வெளியே விடும். கப்பல் குளிர்ப் பகுதிக்குள் போனதும் அந்த ஈரம் கூரையில் படிந்து சொட்டும். இதைத்தான் ‘கன்டெய்னர் மழை’ என்பார்கள். மேல் அடுக்குப் பெட்டிகளில் மட்டும் வட்டவட்டமாகக் கறை இருந்தால் அது பெரும்பாலும் கடல்நீர் அல்ல, இதுதான். கால்சியம் குளோரைடு உறிஞ்சி மூட்டைகளைப் பக்கவாட்டில் தொங்கவிடுங்கள். பேலட் காய்ந்ததா என்று தொட்டுப் பாருங்கள். ஈரப் பேலட்டை ஏற்றிவிட்டு உறிஞ்சி போட்டுப் பயனில்லை.

ஈரம் ஏறிய அட்டை பலம் இழக்கும். பெட்டியின் பலம் நான்கு மூலைகளில்தான் இருக்கிறது. செங்கல் சுவர்போல மாற்றி மாற்றி அடுக்கினால் பார்க்க உறுதியாகத் தெரியும், ஆனால் மேல் பெட்டியின் மூலை கீழ்ப் பெட்டியின் நடுவில் உட்கார்ந்து அமுக்கும். மூலைக்கு மேல் மூலை வருமாறு நேராக அடுக்கிப் பட்டை கட்டுங்கள். எண்ணெய் ஊறுகாய்க்கு மூடியை மட்டும் நம்பக் கூடாது. இண்டக்‌ஷன் சீல் (மூடிக்கடியில் பாட்டில் வாயோடு ஒட்டும் படலம்) போட்ட பாட்டிலைச் சூடான இடத்தில் சில நாள் தலைகீழாக வைத்துப் பாருங்கள். கசிந்தால் கிட்டங்கியிலேயே தெரிந்துவிடும்.

காலி கன்டெய்னர் வந்ததும் ஒருவர் உள்ளே போய், கதவை மூடச் சொல்லி, இருட்டில் நிற்க வேண்டும். எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அங்கே ஓட்டை. மூக்கையும் பயன்படுத்துங்கள்: முந்தைய சரக்கு தோலோ ரசாயனமோ என்றால் வாடை தரைப்பலகையில் தங்கியிருக்கும், அப்பளம் அதை இழுத்துக்கொள்ளும். தயங்காமல் வேறு பெட்டி கேளுங்கள். எல்.சி.எல்.லில் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பினால் இந்தத் தேர்வே உங்கள் கையில் இல்லை. மிளகாய்ப் பொடிக்குப் பக்கத்தில் சோப்பு வரலாம்.

மரப் பேலட்டில், பூச்சி நீக்கியதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை கட்டாயம். எடைச் சான்றான வி.ஜி.எம். இல்லாமல் 2016 ஜூலை முதல் கப்பலில் ஏற்றுவதில்லை. இரண்டையும் பார்வர்டர், அதாவது சரக்கை அனுப்பும் ஏற்பாடுகளைச் செய்து தருபவர், நினைவூட்டுவார்.

ஆயுள் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். செங்கடல் தாக்குதல்களால் 2023 கடைசியிலிருந்து பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. ஐரோப்பாவுக்குச் சாதாரணமாகவே பத்து, பதினான்கு நாள் கூடியது. தூத்துக்குடிச் சரக்கு கொழும்பில் மாறி ஏறினால் அங்கே காத்திருப்பும் சேரும். ஆறு மாத ஆயுள் உள்ள முறுக்கில் இரண்டரை மாதம் வழியிலேயே போனால், மூன்றில் இரண்டு பங்கு ஆயுள் மிச்சம் வேண்டும் என்று கேட்கும் கடைக்காரர் அதைத் தொட மாட்டார். தயாரித்த தேதிக்கும் கன்டெய்னர் ஏற்றும் தேதிக்கும் இடைவெளியைக் குறையுங்கள்.

கடைசியாக இன்சூரன்ஸ். எஃப்.ஓ.பி. விலையில், அதாவது கப்பலில் ஏற்றித் தருவது வரைக்குமான விலையில், விற்றால் காப்பீடு வாங்குபவர் பாடு என்று விட்டுவிடுகிறார்கள். கப்பலில் ஏறும்வரை பொறுப்பு உங்களுடையது. லாரியிலும் யார்டிலும் நடப்பதற்கு அவர் பாலிசி உதவாமல் போகலாம். காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்ந்த சி.ஐ.எஃப். விலை என்றால் பாலிசி நீங்களே எடுப்பது, வழக்கமாக மதிப்பில் 110 சதவீதத்துக்கு. 2021 மார்ச்சில் சூயஸில் சிக்கிய எவர் கிவன் கப்பலின் உரிமையாளர் பொதுச் சராசரி அறிவித்தார். அதாவது, மீட்புச் செலவில் சரக்குக்காரர்களும் பங்கு தர வேண்டியிருந்தது. காப்பீடு இல்லாதவர்கள் கையிலிருந்து உத்தரவாதத் தொகை கட்டினால்தான் பெட்டி கிடைக்கும் என்ற நிலை. ஆனால் மிக விரிவான ‘ஏ’ பிரிவு பாலிசியிலும் தாமதத்தால் வந்த நஷ்டத்துக்கும், போதாத பேக்கிங்கால் வந்த நஷ்டத்துக்கும் பணம் கிடையாது. பாலிசியில் விலக்குகள் உள்ள பக்கத்தை, பிரீமியம் கட்டும் முன்பே ஒரு தடவை படித்துவிடுங்கள்.