குழுவுக்கான கடவுச்சொல் பெட்டகம்: எங்கே சறுக்குகிறோம்?

எக்செல் தாளிலும் அரட்டைச் செயலியிலும் சிதறிக் கிடக்கும் கடவுச்சொற்களைப் பார்த்துச் சலித்துப்போய், குழுவில் யாராவது ஒருவர் அவற்றையெல்லாம் ஒரே இடத்தில் பூட்டிவைக்கும் திறமூலப் பெட்டக மென்பொருள் ஒன்றைச் சர்வரில் நிறுவிவிடுகிறார். வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். சறுக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

மூலநிரல் திறந்திருப்பதால் யாரோ படித்துச் சரிபார்த்திருப்பார்கள் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலும் திறந்துதான் கிடந்தது. ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை அதற்குள் சுமார் 2 ஆண்டுகள் இருந்து, 2014இல்தான் வெளியே தெரிந்தது. இப்படிப்பட்ட ஓட்டைகளை அடைக்கும் புதுப்பிப்பு வந்த உடனே அதைப் போட ஆள் இல்லாத குழு, சொந்தமாகச் சர்வர் நடத்தாமல் பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் பெட்டகங்கள் தரும் மேகச் சேவையை எடுத்துக்கொள்ளலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

சொந்தமாகத்தான் நடத்துவோம் என்பவர்கள் பிட்வார்டன் செயலிகளோடு இயங்கும் சர்வர் மென்பொருளான வால்ட்வார்டன் பக்கம் போகிறார்கள். இயல்பு அமைப்பில் முகவரி தெரிந்த எவரும் அதில் கணக்குத் தொடங்கிவிடலாம். குழுவினர் சேர்ந்து முடித்ததும் அந்த வாசலை அடைக்க வேண்டும், பலர் மறந்துவிடுகிறார்கள்.

கடவுச்சொற்களை ஒரே கோப்பில் பூட்டிவைக்கும் கீபாஸ்எக்ஸ்சி மென்பொருளின் கோப்பைப் பொதுக் கோப்புறையில் போட்டு ஒரே முதன்மைக் கடவுச்சொல்லை எல்லோருக்கும் சொல்லிவைப்பது இன்னொரு பழக்கம். அருமையான மென்பொருள்தான், ஆனால் அது தனி ஆளுக்கான கைப்பெட்டி. யார் எதைப் பார்க்கலாம் என்று அதற்குள் பிரிக்க முடியாது. முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினாலும், பழைய கோப்பை நகலெடுத்து வைத்திருப்பவருக்குப் பழைய சொல்லே போதும்.

பேக்கப் எடுப்பவர்கள்கூட, அதைத் திறக்கும் கடவுச்சொல்லையும் சர்வரின் நுழைவுச்சொல்லையும் அதே பெட்டகத்தில் வைத்துவிடுகிறார்கள். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை. அந்த இரண்டையும் தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். குழுக்களுக்கான இன்னொரு பெட்டகமான பாஸ்போல்ட்டில், கடவுச்சொற்களைத் திறக்கும் ஒவ்வொருவரின் தனிச்சாவியும் அவரவர் உலாவியில் இருக்கிறது. மீட்புக் கோப்பைப் பத்திரப்படுத்தாதவரின் கணினி பழுதானால், அவர் மட்டும் வைத்திருந்த கடவுச்சொற்கள் போனது போனதுதான்.

என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது நடக்கிறது. நிர்வாகி அவருடைய கணக்கை நீக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிறார். ஆனால் அவர் பார்த்த கடவுச்சொற்கள் அவரோடுதானே போகின்றன? பிட்வார்டனில் கடவுச்சொல்லை மறைத்து, படிவத்தில் நிரப்ப மட்டும் அனுமதிக்கும் வசதி இருக்கிறது. உலாவி நிரப்பிவிட்ட சொல்லை அதே உலாவியின் உருவாக்குநர் கருவிகளை (பக்கத்தின் உள்நிரலைக் காட்டுபவை) கொண்டு படித்துவிடலாம் என்பதால், அந்த மறைப்பை நம்பிப் பயனில்லை. அவர் கைபட்ட ஒவ்வொரு பொதுக் கடவுச்சொல்லையும் மாற்றியே ஆக வேண்டும்.

அதற்கு, அவர் கைக்கு எட்டியவை எவை என்று முதலில் தெரிய வேண்டும். எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே தொகுப்பில் போட்டு எல்லோருக்கும் திறந்துவிட்ட குழு, ஒருவர் கிளம்பும் அன்று அத்தனையையும் மாற்ற உட்கார வேண்டும். யாரும் உட்காருவதில்லை. வேலைவாரியாகத் தொகுப்புகளைப் பிரித்திருந்தால் மாற்ற வேண்டியவை பத்தோ பதினைந்தோதான்.

கிளம்புகிறவரே பெட்டகத்தின் ஒரே உரிமையாளராக இருந்தால் சிக்கல் இன்னும் முற்றும். ஆகவே நிறுவுகிற நாளிலேயே இரண்டாவது ஒருவரையும் உரிமையாளராகச் சேர்த்துவிடுங்கள்.