பழைய காலப் பிக்கப்பும் மீட்டும் கையும்: எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பொருத்தமானதைத் தேர்வது எப்படி?

எலெக்ட்ரிக் கிட்டாரில் 1950களின் ஒலியை நாடுவோர், தாம் போற்றும் கலைஞர் எந்தப் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பாகத்தை) வைத்து வாசித்தார் என்ற கேள்வியிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அதைவிட, தங்கள் கை தந்தியை எவ்வளவு அழுத்தமாக மீட்டுகிறது, ஆம்ப்ளிஃபயரில் எவ்வளவு கெயின் (உள்வரும் சைகையை வலுப்படுத்தும் அளவு) வைத்து வாசிக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்குவதே சரியான வழி என்று நான் கருதுகிறேன். அக்காலப் பிக்கப்களின் வெளியீடு, இன்று கனத்த ராக் இசைக்கெனச் செய்யப்படுபவற்றின் வெளியீட்டைவிடக் குறைவு; ஆகவே அவை மெல்லத் தொட்டதற்கும் ஓங்கி மீட்டியதற்கும் உள்ள வேறுபாட்டை மழுப்பாமல் ஆம்ப்ளிஃபயருக்குக் கடத்துகின்றன. கையின் அழுத்தத்தாலேயே உணர்ச்சியைக் காட்டுபவருக்கு இது பெரும் வரம். எல்லாச் சுரங்களும் ஒரே கனத்தில் நீண்டு ஒலிக்க வேண்டும் என்பவருக்கோ இதுவே இடையூறாகும்.

காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற தாமிரக் கம்பியை ஆயிரக்கணக்கான முறை சுற்றினால் அதுவே பிக்கப். மேலே அதிரும் எஃகுத் தந்தி காந்தப்புலத்தைக் கலைக்கும்போது சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. சுற்றுகள் கூடக் கூட ஒலி வலுக்கும், ஆனால் உச்ச ஒலிகள் மங்கும். சுருளின் மின்தூண்டலும் கிட்டார் கேபிளின் மின்தேக்குத்திறனும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலியைச் சற்று உயர்த்தி, அதற்கு மேல் சரியவிடுவதே இதற்குக் காரணம். வழக்கமான நீளமுள்ள கேபிளுடன், பழைய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் பிக்கப்பில் இந்த உயர்வு ஏறத்தாழ 4,000 ஹெர்ட்ஸிலும், பழைய கிப்சன் ஹம்பக்கரில் (இரட்டைச் சுருள் பிக்கப்பில்) ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸிலும் அமைகிறது. முன்னதைக் கண்ணாடி போன்ற பளிச்சென்ற ஒலி என்றும் பின்னதைத் தடித்த ஒலி என்றும் நாம் உணர்வதில் பெரும்பகுதி இந்த இடைவெளியிலேயே அடங்கியிருக்கிறது.

கடைகளில் எழுதப்பட்டிருக்கும் கிலோ ஓம் எண்ணை, அதாவது சுருளின் மின்தடையை, மட்டும் நம்பித் தேர்வு செய்யாதீர்கள். ஃபெண்டர் டெலிகாஸ்டர் கிட்டாரின் நெக் பிக்கப் (கழுத்துப் பக்கம் உள்ளது) மெல்லிய கம்பியால் சுற்றப்படுவதால் 7 கிலோ ஓமுக்கு மேலும் காட்டும். அதற்காக அது ஒரு ஹம்பக்கருக்கு நிகரான வலிமை உடையதாகிவிடாது. ஒரே வகைக் கம்பியும் ஒரே வடிவமும் கொண்ட இரு பிக்கப்களை ஒப்பிடும்போது மட்டுமே அந்த எண் பயன்படும்.

கன்ட்ரி இசையின் துள்ளலான விரல் மீட்டலுக்கும், தாளக்கட்டுடன் வெட்டி வெட்டி வாசிக்கும் ஃபங்க் வாசிப்புக்கும் ஃபெண்டரின் சிங்கிள் காயில்களே (ஒற்றைச் சுருள் பிக்கப்களே) முதல் தேர்வு. 1950இல் வந்த பிராட்காஸ்டர், அடுத்த ஆண்டு டெலிகாஸ்டர் என்று பெயர் மாறியது; அதன் பிரிட்ஜ் பிக்கப்புக்கு (தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் பக்கம் உள்ளதற்கு) அடியில் ஓர் உலோகத் தகடு உண்டு. அந்தத் தகடும், பிக்கப்பைத் தாங்கும் எஃகு பிரிட்ஜும் சேர்ந்து காந்தப்புலத்தின் வடிவை மாற்றுவதால், உச்ச ஒலி கூர்மையாக இருந்தாலும் அதற்கு ஓர் உடல்கட்டு கிடைக்கிறது. நெக் பிக்கப்பின் உலோக மூடி உச்ச ஒலியைச் சற்று விழுங்கிவிடும்; மெதுவான ஜாஸ் வாசிப்புக்கு அது பொருந்துவதும் அதனால்தான். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று பிக்கப்கள் இருந்தும் மூன்று நிலை சுவிட்சே இருந்தது. வாசித்தவர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு இடையில் நிறுத்தி இரு பிக்கப்களைச் சேர்த்து ஒலிக்கச் செய்தார்கள். ஐந்து நிலை சுவிட்சை ஃபெண்டர் 1977இல்தான் பொருத்தியது. சுத்தமான ஒலியில் கார்டுகளைச் சிதறவிட்டு வாசிப்பவர் இந்த இடைநிலை ஒலிக்காகவே ஸ்ட்ராட்டோகாஸ்டரை எடுக்கலாம். ஆனால் அக்கால அமைப்பில் மூன்று சுருள்களும் ஒரே மாதிரி சுற்றப்பட்டவை என்பதால், இடைநிலையிலும் மின்சார இரைச்சல் நீங்காது. அது நீங்க வேண்டுமானால், நடுப் பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்த முனைகளும் மாற்றப்பட்ட பிற்கால அமைப்பைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரே ஒரு பிக்கப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று யாரேனும் சொன்னால், நான் தயங்காமல் பி-90ஐ எடுப்பேன். கிப்சன் 1946இல் அறிமுகப்படுத்திய இதில், அகன்று தாழ்ந்த ஒரு சுருளின் நடுவே எஃகுத் திருகுகளும், அடியில் இரண்டு தட்டைக் காந்தங்களும் உள்ளன. சுற்றுகள் மிகுதி என்பதால் நடு ஒலி முறுக்கேறி நிற்கும். ஒற்றைச் சுருள் என்பதால் சுரத்தின் தொடக்கத்தில் அந்தக் கொத்தலும் மறையாது. மென்மையாக மீட்டினால் ஏறக்குறையச் சுத்தமாக ஒலித்து, அழுத்தினால் கரகரக்கும் நிலையில் ஆம்ப்ளிஃபயரை வைத்து, அந்த எல்லையின் இருபுறமும் கையாலேயே போய்வர விரும்பும் ப்ளூஸ் வாசிப்பாளருக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை. லெஸ்லி வெஸ்ட் லெஸ் பால் ஜூனியரிலும், பீட் டவுன்ஷெண்ட் எஸ்.ஜி ஸ்பெஷலிலும் இதே பிக்கப்பைக் கொண்டு முழு ராக் ஒலியையே எழுப்பியிருக்கிறார்கள். விலையாக நீங்கள் கொடுக்க வேண்டியது இரைச்சலைத்தான்: கெயின் ஏற ஏற அதுவும் ஏறும், கிட்டாரைத் திருப்பி நிற்கும் திசையைப் பொறுத்துக் கூடும், குறையும்.

அந்த இரைச்சலை ஒழிக்கவே கிப்சனில் சேத் லவர் இரட்டைச் சுருள் ஹம்பக்கரை வடிவமைத்தார். காப்புரிமைக்கு 1955இல் விண்ணப்பிக்கப்பட்டது. 1957 முதல் கிட்டார்களில் வந்தது. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது (Patent Applied For) என்ற ஒட்டுச்சீட்டால் அதற்குப் பி.ஏ.எஃப் என்ற பெயர் நிலைத்தது. இரு சுருள்களிலும் சுற்று எண்ணிக்கை துல்லியமாகச் சமமாக இராததால், இரைச்சல் முழுவதும் அடங்காவிட்டாலும், உச்ச ஒலியில் ஒரு தெளிவு எஞ்சியது. பழைய ஹம்பக்கரைச் சிலர் ஏன் இவ்வளவு நேசிக்கிறார்கள் என்பதற்கு இது ஒரு காரணம். நீண்டு பாடும் தனி வாசிப்புக்கும், நெக் பக்கத்தில் உருண்டையான ஜாஸ் ஒலிக்கும் இது ஏற்றது. ஆனால் அவற்றின் சுருள்கள் மெழுகில் தோய்க்கப்படாதவை. ஆகவே மிகுந்த கெயினில் உரத்து வாசிக்கும் மெட்டல் இசைக்கு அவை கீச்சிடும். அத்தகையவர் மெழுகு தோய்த்த மறுபதிப்பை வாங்குவதே நல்லது.

ராக்கபில்லிக்கு, கிரெட்ச் கிட்டார்களில் வந்த, ரே பட்ஸ் வடிவமைத்த ஃபில்டர்ட்ரானைக் கேட்டுப் பாருங்கள். மின்தடை 4 கிலோ ஓம் அளவே என்றாலும், ஹம்பக்கரின் அமைதியும் சிங்கிள் காயிலின் பளிச்சும் அதில் சேர்ந்திருக்கின்றன. 1936இல் வந்த கிப்சன் இ.எஸ்-150இன் பட்டைப் பிக்கப், சார்லி கிறிஸ்டியன் பெயரால் அறியப்படுவது. ஜாஸில் தனிச்சுரங்களைத் தடித்து ஒலிக்கச் செய்ய அதுவும் சிறந்தது.

எதையும் மாற்றும் முன், கையிலுள்ள பிக்கப்பின் உயரத்தைச் சரிசெய்து பாருங்கள். கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டையில்) தந்தியை அழுத்திக்கொண்டு, காந்தத்தின் மேற்பகுதியிலிருந்து தந்தியின் அடிப்பகுதி வரை அளக்க வேண்டும். பழைய பாணி ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்புக்குத் தடித்த தந்திப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய தந்திப் பக்கம் 2 மி.மீ. தொடக்க அளவு. அவற்றின் காந்தங்களே தந்திக்கு நேர் கீழே நிற்பதால், நெருங்கிவிட்டால் தந்தியை இழுத்துச் சுருதியைத் தடுமாற வைக்கும். பல மேல் ஃப்ரெட்களில் சுரம் நடுங்கிக் கேட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஹம்பக்கருக்கு நெக் பக்கம் 2.4 மி.மீ., பிரிட்ஜ் பக்கம் 1.6 மி.மீ. என்று தொடங்கி, இரண்டின் ஒலியளவும் சமமாகும் வரை காதால் நகர்த்துங்கள். வால்யூம் பொட்டென்ஷியோமீட்டரும் (ஒலியளவுக் குமிழின் அடியில் உள்ள மாறும் மின்தடையும்) கணக்கில் வரும்: ஃபெண்டர் வகைச் சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கம், மாற்றிப் போட்டால் முன்னது காதைக் குத்தும், பின்னது மங்கும்.

பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்பையோ அதன் நேரான மறுபதிப்பையோ வாங்குபவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அக்காலத்தில் மூன்றாம் தந்தி கம்பி சுற்றியதாக இருந்தது. அதன் உட்கம்பி மெல்லியது என்பதால், அதற்குக் கீழுள்ள காந்தத் தண்டை உயர்த்தி வைத்தார்கள். இன்று சுற்றில்லாத மூன்றாம் தந்தியைப் போட்டால் அது மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும். அப்போது அந்தத் தண்டை விரலால் கீழே அழுத்தச் சிலருக்குத் தோன்றும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்: சுருளின் கம்பி அந்தத் தண்டின் மேலேயே சுற்றப்பட்டிருக்கிறது, அசைத்தால் அறுந்துவிடும். பிக்கப்பைச் சற்றுத் தாழ்த்துங்கள், அல்லது சுற்றுள்ள மூன்றாம் தந்தியைப் போடுங்கள்; இரண்டும் பிடிக்காவிட்டால், தண்டுகள் ஒரே மட்டத்தில் உள்ள மறுபதிப்பைத் தேடுங்கள்.